தீனபந்து சி. எவ். அன்ட்றூஸ்: கேள்வியால் ஆழம் பெற்ற விசுவாசம்

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் உறுப்பினர்களுட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றார்கள். தாய் தந்தையரிடமிருந்து பெற்ற சமய நம்பிக்கையை வேற்று மண்ணிலே எவ்வாறு காப்பது, பிள்ளைகள் அதைப்பற்றிக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்பன அவர்களுடைய வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள். கேள்வி கேட்டால் நம்பிக்கை போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. கேளாத நம்பிக்கை உறுதியற்றது என்போரும் உண்டு.

இதே கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எதிர்த்திசையிலிருந்து வந்த ஒருவரை ஆட்டிப்படைத்தது. அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். தம் முன்னோரின் விசுவாசத்தை இந்தியருக்குக் கற்பிப்பதற்கென மிஷனரியாகக் கப்பலேறியவர். வந்த இடத்தில் அந்த விசுவாசத்தையே தாம் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்ததைக் கண்டவர். தென்னாபிரிக்காவிலும் பிஜியிலும் கரும்புத் தோட்டங்களில் உழன்ற எம்மினத்தவர்க்காகவும் உழைத்தவர். ஏழைகளின் உறவினன் என்ற பொருளில் மக்கள் அவரைத் தீனபந்து என்று அழைத்தனர். அவரே சாள்ஸ் பிறீயர் அன்ட்றூஸ்.

பிறந்த வீடு

அன்ட்றூஸ் 1871 பெப்ரவரி 12ஆம் திகதி வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பேர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ஜோன் எட்வின் அன்ட்றூஸ், கத்தோலிக்க அப்போஸ்தலிக்கத் திருச்சபை என்ற ஒரு சிறு சபையின் குருவானவர். அச்சபை 1830களில் இலண்டனிலே தோன்றியது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை மிக அண்மையில் நிகழும் என்று அதன் மக்கள் உறுதியாக எதிர்பார்த்திருந்தனர். பன்னிரு அப்போஸ்தலர் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளனர் என்பதும் அவர்கள் நம்பிக்கை. அந்த வீட்டிலே செபமும் வேதவாசிப்பும் உணவைப் போல அன்றாட வழக்கம்.

அந்த வீட்டில் நடந்த ஒரு சம்பவம் அன்ட்றூஸின் உள்ளத்தில் ஆயுள் முழுவதும் நிலைத்தது. தாயாருக்குரிய சொத்தைப் பொறுப்பேற்றிருந்த குடும்ப நண்பர் ஒருவர் அதைத் துணிகர முதலீடுகளில் இழந்துவிட்டார். வசதியாக வாழ்ந்த குடும்பம் சிக்கனத்துக்குத் தள்ளப்பட்டது. செய்தி வந்த வேளையில் தந்தையார் பழிசொல்லவில்லை, வழக்குப் பேசவில்லை. குடும்பத்தவரைக் கூட்டி, தமக்குத் துரோகம் செய்த அந்த நண்பருக்காகவே மனமுருகி மன்றாடினார். கிறிஸ்தவம் என்றால் என்ன என்பதை அந்தச் சிறுவன் அறிந்துகொண்ட முதற் பாடம் இதுவாயிருந்தது. பின்னாளில் தந்தையின் சபைப் போதனைகளிற் பலவற்றை அவர் கைவிட்டார். ஆனால் இந்தப் பாடத்தைக் கைவிடவில்லை.

முதல் விலகல்

பேர்மிங்காம் எட்வேட் மன்னர் பாடசாலையிற் கற்றபின் 1890இல் கேம்பிறிட்ஜின் பெம்புறோக் கல்லூரியிற் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்னர், பத்தொன்பதாம் வயதில், தம் பாவத்தையும் இறைவனின் மன்னிப்பையும் ஒருசேர உணர்ந்த ஆழ்ந்த மனமாற்றம் அவருக்கு ஏற்பட்டது. தந்தையாரின் வழியிலே மகனும் அச்சபையின் குருவாக வேண்டும் என்பதே வீட்டாரின் விருப்பம். கேம்பிறிட்ஜில் வேதாகமத்தை வரலாற்று நோக்கிற் படிக்கத் தொடங்கியதும் அச்சபையின் எதிர்பார்ப்புகளை அவரால் ஏற்க முடியாது போயிற்று. அங்கிலிக்கன் திருச்சபையிற் சேர்ந்தார். அன்புள்ள தந்தையாருக்கு அது பெரும் வேதனை, மகனுக்கும் அவ்வாறே. 1901இல் அச்சபையின் கடைசி அப்போஸ்தலர் காலமானபின் புதிய குருமாரை நியமிக்க வழியின்றி அது படிப்படியாக அருகிப்போயிற்று.

1896இல் உதவிக் குருவாகவும் மறு ஆண்டில் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். தென்கிழக்கு இலண்டனில் வால்வேத் என்ற சேரிப்பகுதியிலே தம் கல்லூரி நடத்திய மிஷனில் ஏழைகளோடு வாழ்ந்து பணியாற்றினார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பிணக்கைக் கிறிஸ்தவம் எவ்வாறு நோக்குகிறது என்பது பற்றி அக்காலத்தில் அவர் எழுதிய ஆய்வுரை பல்கலைக்கழகப் பரிசு பெற்றது. உடல்நலம் குன்றியதால் கேம்பிறிட்ஜுக்குத் திரும்பி விரிவுரையாளராக இருந்தார்.

அவருடைய உயிர்த்தோழர் பாசில் வெஸ்கொட், டேறம் நகர்ப் பேராயர் வெஸ்கொட்டின் மகன். கேம்பிறிட்ஜ் மிஷன் சார்பில் டெல்லியில் ஊழியம் செய்துவந்த பாசில் 1900இல் கொலரா கண்டு அங்கேயே இறந்தார். அந்த வெற்றிடம் தம்மை அழைப்பதாக அன்ட்றூஸ் உணர்ந்தார். 1904 மார்ச் 20ஆம் திகதி டெல்லியை வந்தடைந்தார். அந்த நாளைத் தம் இரண்டாவது பிறந்தநாளாக ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

டெல்லியில் நண்பர்கள் எழுப்பிய கேள்வி

டெல்லி சென் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் அவர் ஆசிரியரானார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் நண்பர் சுசில் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்தவர். 1906இல் அதிபர் பதவி வெற்றிடமானபோது, ஆங்கிலேயரான அன்ட்றூஸையே நியமிக்கலாம் என்று பலர் எண்ணினர். பல்லாண்டு சேவையும் தகுதியும் கொண்ட ருத்ரா இருக்க, நிறம் காரணமாகத் தாம் அப்பதவியை ஏற்பது கிறிஸ்துவுக்குப் பொருந்தாது என்று அன்ட்றூஸ் மறுத்துவிட்டார். ருத்ராவே அதிபரானார். அக்கல்லூரியின் முதல் இந்திய அதிபர் அவரே. மிஷன் கல்லூரியொன்றை இந்தியர் ஒருவர் தலைமைதாங்கி நடத்துவது அன்று எளிதில் ஏற்கப்படாத காரியம். மிஷனரிமாரிடமிருந்து சுதேசிகளின் கைக்குத் தலைமை மாறிய வரலாறு எமது மிஷன் பாடசாலைகளுக்கும் உண்டு என்பதால் இதன் பெறுமதி எமக்கு விளங்கும்.

டெல்லியிலே ஆங்கிலேயரின் இறுமாப்பை அவர் அன்றாடம் கண்டார். ஆலயத்துக்குள்ளும் அது நுழைந்திருந்தது. ஒரே திருப்பந்தியிலே பங்குபெற்றவர்கள் வெளியே வந்ததும் ஒருவரையொருவர் அறியாதவர் போல நடந்தனர். கற்ற இந்தியரை இழிவுபடுத்தி லாகூரின் ஆங்கில நாளேடு ஒன்றில் வெளிவந்த கடிதத்துக்கு 1906இல் அவர் வெளிப்படையாக மறுப்பு எழுதினார். அதுமுதல் இந்தியத் தேசியவாதிகள் அவரை நண்பராகக் கொண்டனர்.

இதைவிட ஆழமான கேள்வி நட்பின் வழியாக வந்தது. டெல்லியில் முன்ஷி ஸக்காவுல்லா என்ற முதிய இஸ்லாமிய அறிஞர் வாழ்ந்தார். கணிதமும் வரலாறும் கற்பித்தவர், கோபமறியாதவர், மற்றச் சமயத்தவரை மதித்தவர். அன்ட்றூஸ் அவரிடம் சென்று பல மணிநேரம் அமர்ந்திருப்பார். 1910இல் அப்பெரியார் இறந்தபின் அவருடைய வாழ்க்கையைப் பின்னாளில் ஒரு நூலாகவே எழுதினார். குருகுலக் கல்விக்குத் தம்மை அர்ப்பணித்த ஆரிய சமாஜத் தலைவர் முன்ஷி ராமும், 1912இல் ஓவியர் றொதன்ஸ்ரைனின் இலண்டன் இல்லத்தில் அறிமுகமான மகாகவி தாகூரும் இவ்வாறே நண்பராயினர்.

இனித்தான் சிக்கல். அங்கிலிக்கன் செபப் புத்தகத்திலே அத்தனாசியுவின் விசுவாசப் பிரமாணம் என்றொரு அறிக்கை உண்டு. ஆண்டிற் குறித்த திருநாள்களில் அதைச் சபையார் ஒன்றாக ஓத வேண்டும். அதிற் கூறப்பட்ட விசுவாசத்தைக் கைக்கொள்ளாதோர் என்றென்றைக்கும் கெட்டழிவர் என்று அது தொடங்குகிறது. மாணவப் பருவத்திலேயே அன்ட்றூஸுக்கு இவ்வாசகங்கள் நெருடலாயிருந்தன. கேம்பிறிட்ஜில் அவை புத்தகத்திலிருந்த சொற்கள். டெல்லியில் அவை ஸக்காவுல்லாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொற்களாயின. தம்மிலும் மேலான பொறுமையும் தூய்மையும் உள்ள அம்முதியவர் கெட்டழிவார் என்று ஆலயத்தில் நின்று அறிக்கையிட அவர் நா எழவில்லை.

தென்னாபிரிக்கா: கதவடைத்த ஆலயம்

1913இல் தென்னாபிரிக்க இந்தியரின் சத்தியாக்கிரகம் உச்சநிலையில் இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் அதிலே பெருந்தொகையாகப் பங்குகொண்டனர். பெண்களும் சிறை சென்றனர். கோகலேயின் வேண்டுகோளின்படி அன்ட்றூஸும் நண்பர் வில்லியம் பியர்சனும் கப்பலேறி 1914 ஜனவரி 2ஆம் திகதி டேர்பன் துறைமுகத்தை அடைந்தனர். கரையில் நின்றவர்களுள் காந்தி யார் என்று கேட்டறிந்த அன்ட்றூஸ், குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் இந்தியர் ஒருவரின் காலைத் தொட்டது அந்நாட்டு வெள்ளையரிடையே பெரும் கொதிப்பை உண்டாக்கியது. அன்று தொடங்கிய நட்பிலே அவர்கள் ஒருவருக்கொருவர் மோகனும் சாளியும் ஆயினர்.

அதே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து தாயார் மறைந்த செய்தி வந்தது. தாயின் மீது அளவிறந்த பற்றுக் கொண்ட அவருக்கு டேர்பனில் வாழ்ந்த இந்தியத் தாய்மார் ஆறுதலாயினர். இந்தியப் பெண்களின் முகங்களில் தம் தாயையே கண்டதாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

டேர்பனிலே ஓர் ஆலயத்தில் அவர் பிரசங்கம் செய்தார். அதைக் கேட்க விரும்பி வந்த காந்திக்கு நிறத்தின் காரணமாக அனுமதி மறுக்கப்பட்டது. மலைப்பிரசங்கத்தை வாழ்ந்துகாட்ட முயன்றவர் வாசலுக்கு வெளியே. அதை வாசித்துக் காட்டியோர் உள்ளே. விசுவாசப் பிரமாணத்தைச் சரியாக ஓதிய சபை இதைச் செய்தது என்பதே அன்ட்றூஸைச் சுட்டது. கிறிஸ்து அங்கே எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார் என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே விடைதான் இருந்தது.

நேற்றாலில் இன்னொரு காட்சியும் அவர் மனத்திற் பதிந்தது. தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒப்பந்தக் கூலி ஒருவர். முதுகிலே சவுக்கடித் தழும்புகள். உதவி நாடி வந்த அவர், அங்கே நின்ற அன்ட்றூஸின் வெள்ளை முகத்தைக் கண்டதும் அடிவிழும் என்று அஞ்சி ஒடுங்கினார். தம் நிறமே ஒரு மனிதனுக்கு அச்சமாக இருப்பதை அன்ட்றூஸ் அன்று கண்டார்.

அந்தப் பெப்ரவரி மாதத்திலேயே, சிறையிற் கண்ட காய்ச்சலோடு வெளிவந்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை உயிர்நீத்தார். எம் பாடசாலைப் பிள்ளைகளின் வயதொத்த அத்தமிழ்ப் பெண்ணின் பெயரை அன்ட்றூஸின் கதையோடு சேர்த்து நினைப்பது தகும். அவர் நேரிற் கண்ட போராட்டம் இத்தகையோரின் போராட்டமே.

அங்கியைக் களைதல்

இந்தியாவுக்குத் திரும்பிய அன்ட்றூஸினால் பழையபடி இருக்க முடியவில்லை. 1914இல் திரித்துவ ஞாயிறு அன்று வங்காளத்திலே ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. அத்தனாசியுவின் பிரமாணத்தை ஓத வேண்டிய நாள் அது. அந்த நாளின் வேதனைக்குப் பின்னர் இனிமேல் இவ்வாறு தொடர்வது நேர்மையன்று என்று முடிவு செய்தார். பிரமாணங்களிலே வேறு சில கூற்றுகளையும் எழுத்துக்கு எழுத்து ஏற்க முடியாத நிலையில் அவர் இருந்தார். மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகத் திருப்பணி செய்ய விரும்பாமல், குருத்துவக் கடமைகளிலிருந்து விலகிக்கொண்டார். கல்லூரியையும் மிஷனையும் விட்டுத் தாகூரின் சாந்திநிகேதனத்துக்குச் சென்றார்.

இதனால் அவர் இழந்தவை பல. மிஷன் வட்டாரத்து நண்பர்கள் மனம் நொந்தனர். அவர் கிறிஸ்தவத்தையே துறந்துவிட்டார் என்றும் பேசப்பட்டது. உண்மை வேறு. அவர் கேள்வி கேட்டது சபையின் சொற்களை, கிறிஸ்துவை அல்லர். சாந்திநிகேதனத்தில் இந்து நண்பர்களிடையே வாழ்ந்தபோதும் அதிகாலைத் தியானத்தையும் வேதவாசிப்பையும் அவர் விடவில்லை. எல்லாச் சமயங்களும் ஒன்றே என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோகவும் இல்லை. தம் ஆண்டவர் கிறிஸ்துவே என்பதில் தெளிவாக இருந்தார். அந்த ஆண்டவர் தாம் எண்ணியிருந்ததிலும் பெரியவர், தம் திருச்சபையின் வேலிக்குள் அடங்காதவர் என்பதே அவர் புதிதாகக் கற்றது.

1915இல் கொலரா அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்றது. பிழைத்தெழுந்து சிம்லா மலையில் ஓய்வெடுத்த வேளை, நேற்றாலிற் கண்ட அந்தக் கூலியின் அஞ்சிய முகம் அவர் மனக்கண்முன் தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கையில் அது கிறிஸ்துவின் முகமாக மாறியது. இக்காட்சியை அவர் ஒரு கவிதையாகவும் எழுதினார். தாம் இழந்ததாகப் பலரும் எண்ணிய விசுவாசம் எங்கே வேர்விட்டிருக்கிறது என்பது அப்போது அவருக்குத் தெளிந்தது. உடல் தேறியதும் பிஜிக்குப் புறப்பட்டார்.

பிஜித் தோட்டங்களில்

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆள்கள் ஏற்றப்பட்டதால் தமிழரும் தெலுங்கரும் அவர்களுட் பலர். ஆணுக்கு நாட்கூலி ஒரு சிலிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். குடியிருப்புகளுக்கு லயன் என்றே பெயர். எமது மலையகத்தில் இன்றும் வழங்கும் அதே சொல். பத்தடி நீளமும் ஏழடி அகலமுமான சிற்றறையிலே தனி ஆடவர் மூவர். இல்லையேல் ஒரு குடும்பம்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கிலேயே ஆள் சேர்க்கப்பட்டது. இந்தக் கணக்கு எத்தனை பெண்களின் வாழ்வைச் சீரழித்தது என்பதை அன்ட்றூஸும் பியர்சனும் லயன் லயனாகச் சென்று கண்டனர். வெள்ளைக் கண்காணிப்பாளரின் தொல்லை ஒருபுறம். குடும்ப வாழ்வே அமைய முடியாத நெருக்கடி மறுபுறம். கொலைகளும் தற்கொலைகளும் மலிந்திருந்தன. ஏமாற்றி ஏற்றப்பட்டோர் பலர். எங்கே போகிறோம் என்றே அறியாமல் கப்பலேறியோரும் இருந்தனர். கண்டவற்றைத் தொகுத்து 1916இல் வெளியிட்ட அறிக்கையில் இருவரும் ஒப்பந்தக்கூலி முறையைத் திருத்த முடியாது, ஒழிக்கவே வேண்டும் என்று முடிவுரைத்தனர்.

இதிலே பெண்களின் பங்கு பெரிது. தன்னைத் தாக்க வந்த கண்காணிப்பாளனிடமிருந்து தப்ப ஆற்றிலே குதித்த குந்தி என்ற பிஜித் தொழிலாளியின் வாக்குமூலம் இந்தியப் பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டை உலுக்கியிருந்தது. 1917இல் இந்தியப் பெண்கள் தூதுக்குழுவாகச் சென்று வைசிராயைச் சந்தித்தனர். அன்ட்றூஸ் இரண்டாம் முறை பிஜி சென்று திரும்பும் காலத்தில் அவுஸ்திரேலியப் பெண்கள் அமைப்புகள் புளோரன்ஸ் கார்ணம் என்ற மிஷனரிப் பெண்மணியை விசாரணைக்கென அங்கு அனுப்பின. 1918இல் அவர் அளித்த அறிக்கை அன்ட்றூஸ் கூறியவற்றை உறுதிசெய்தது. ஆள்சேர்ப்பு 1917இல் நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் 1920 ஜனவரி முதலாம் திகதி இரத்தாயின.

தேயிலைத் தோட்டங்களும் எமது தீவும்

1921இல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பத்தோடு வெளியேறி, சாந்பூர் என்ற ஆற்றுத்துறையில் வழியின்றித் தங்கியபோது அங்கே கொலரா பரவியது. அன்ட்றூஸ் அவர்களிடையே தங்கி நோயாளரைப் பராமரித்தார். தம் தோழரின் உயிரைக் கொண்டுசென்று, தம்மையும் வாட்டிய நோய் அது. கிழக்காபிரிக்கா, பிரித்தானிய கயானா என்று இந்தியத் தொழிலாளர் வாழ்ந்த நாடுகள் பலவற்றுக்கும் அவர் பயணம் செய்தார்.

இலங்கைக்கும் வந்தார். 1922இல் தாகூர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தபோது உடன் வந்தவர் அன்ட்றூஸ். கங்காணி முறையின்கீழ் எமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் நலன் பேசப்பட்ட காலம் அது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இங்கே அதற்காகக் குரலெழுப்பிக்கொண்டிருந்தனர்.

அன்ட்றூஸ் குறையற்றவர் அல்லர். ஒழுங்குமுறை அவருக்குக் கைவராதது. தம்மிடமுள்ள உடையைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். சிலவேளை நண்பரின் உடையையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். ஒரு வேலை முடியுமுன் இன்னொரு துயரத்தின் பின்னே ஓடிவிடுவார் என்று நண்பர்கள் கவலைப்பட்டனர். ஆனால் நட்புக்காகக் கொள்கையை விட்டுக்கொடுத்தவரும் அல்லர். காந்தி அந்நியத் துணிகளைத் தீயிட்டபோது, ஏழைகளுக்கு உதவக்கூடிய ஆடையை எரிப்பதும் அதனால் வளரும் பகையும் தவறென்று வெளிப்படையாக மறுத்தார். மனச்சாட்சியின்படி ஒருவர் சமயம் மாற விரும்பினால் அதற்கு இடமளிக்க வேண்டும் என்பதிலும் அவர் காந்தியோடு உடன்படவில்லை. தம் திருச்சபையைக் கேள்வி கேட்டவர், தாம் போற்றிய மகாத்மாவையும் கேள்வி கேட்கத் தயங்கவில்லை.

திரும்பி வந்த பாதை

1932இல் தம் ஆன்மிக வாழ்வை ஒரு நூலாக எழுதினார். கிறிஸ்துவுக்குத் தாம் பட்ட கடன் என்ன என்பதே அதன் தலைப்பின் பொருள். தந்தையாரின் செபம், வால்வேத்தின் ஏழைகள், ருத்ராவின் நட்பு, தென்னாபிரிக்கா, பிஜி ஆகிய யாவும் அந்தக் கடன்கணக்கில் இடம்பெற்றன.

இதற்கிடையில் திருச்சபையிலும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் அங்கிலிக்கன் திருச்சபை 1930இல் இங்கிலாந்தின் கட்டிலிருந்து விடுபட்டுத் தன்னாட்சி பெற்றது. 1936இல், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், அன்ட்றூஸ் மீண்டும் குருத்துவக் கடமைகளை ஏற்றுத் திருவிருந்து ஆராதனையை நடத்தினார். இதைத் தோல்வி என்றோ சரணடைதல் என்றோ கொள்வது தவறு. தாம் விட்டகன்றபோது இருந்த கேள்விகளை அவர் மறைக்கவில்லை. அவற்றோடு வாழக் கற்றுக்கொண்டார். கரும்புத் தோட்டத்திலும் கொலராக் கொட்டிலிலும் கண்ட கிறிஸ்துவை அப்பத்திலும் இரசத்திலும் மறுபடி காண அவரால் முடிந்தது.

1940இன் தொடக்கத்தில் நோயுற்றுக் கல்கத்தா மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். காந்தி வந்து படுக்கையருகே அமர்ந்து பேசிச் சென்றார். அப்போது கல்கத்தாவின் பேராயராக இருந்தவர் பொஸ் வெஸ்கொட். எந்தப் பாசிலின் இடத்தை நிரப்ப அன்ட்றூஸ் இந்தியாவுக்கு வந்தாரோ, அந்தப் பாசிலின் உடன்பிறந்த சகோதரர் அவர். 1940 ஏப்ரல் 5ஆம் திகதி அன்ட்றூஸ் காலமானார். கல்கத்தாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரின் மூன்று ஆங்கில முதலெழுத்துகளையும் கிறிஸ்துவின் விசுவாசமுள்ள அப்போஸ்தலன் என்று பொருள்படுமாறு இந்திய நண்பர்கள் விரித்துச் சொல்வது வழக்கம். சொன்னவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். 1971இல் அவருடைய நூற்றாண்டின்போது இந்திய அரசு முத்திரை வெளியிட்டது. அவருடைய முழுமையான வாழ்க்கை வரலாற்றைப் பனாரசிதாஸ் சதுர்வேதியுடன் இணைந்து எழுதியவர் மார்ஜரி சைக்ஸ். அவர் சென்னையிலே ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த ஆங்கிலப் பெண்மணி என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

எமக்கு விட்டுச்சென்றது

அன்ட்றூஸின் வாழ்வைப் பார்க்கும்போது, கையேற்ற விசுவாசத்தைக் கேள்வி கேட்போரில் இருவகையினர் இருப்பது தெரிகிறது. பாரம் குறையட்டும் என்று கேட்போர் ஒருவகை. மற்றவரின் முகத்தைப் பார்த்தபின் பழைய விடை போதவில்லையே என்று வருந்திக் கேட்போர் மற்றவகை. அன்ட்றூஸ் இரண்டாம் வகையினர். அவருடைய ஐயங்கள் நூலகத்திற் பிறந்திருந்தாலும், ஸக்காவுல்லாவின் திண்ணையிலும் டேர்பன் ஆலய வாசலிலும் பிஜி லயன் அறையிலுமே முற்றின. அதனால்தான் அவை அவரைச் சேவைக்கு அனுப்பின. வெறுமையில் விடவில்லை.

தந்தையாரின் சபையை விட்டார். அத்தந்தையாரின் மன்னிப்பை விடவில்லை. குருவின் அங்கியைக் களைந்தார்; குருவின் வேலையைக் களையவில்லை. எது கூடு, எது உயிர் என்று பிரித்தறிய அவருக்கு ஏறத்தாழ ஓர் ஆயுட்காலமே சென்றது. எம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொலைதேசங்களிலிருந்து கேள்விகளோடு வரும்போது, அவசரப்பட்டு வாயடைக்காமல் இவ்வளவு காலத்தை அவர்களுக்கும் கொடுக்கலாம். அதேவேளை அவர்கள் கண்முன்னே நாம் வாழ்ந்து காட்டியது என்ன என்று எம்மையே கேட்டுப் பார்க்கவும் வேண்டும். தனக்குத் துரோகம் செய்தவனுக்காக ஒரு தந்தை பிள்ளைகளின் முன்னே மன்றாடியிராவிட்டால், இத்தனை கேள்விகளுக்குப் பின்னும் மகன் திரும்பிவர ஓர் இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. சைவ வீட்டுப் பிள்ளைகளும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் ஒன்றாகத் தலைகுனிந்து நின்று வளர்ந்த எமக்கு இது விளங்காத செய்தியன்று.